பழைய டார்ச்சில் புதிய எல்.இ.டி.: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என வடசென்னையின் கடலோரப் பகுதிகளில் பல வீடுகளின் அலமாரியில் கனமான அலுமினிய டார்ச் ஒன்று இன்னும் இருக்கும். அது கப்பலில் வேலைபார்த்த உறவினர் கொண்டுவந்த மூன்று செல் மேக்லைட்டாக இருக்கலாம். ஷ்யூர்ஃபயர் 6பி ஆகவோ, அதன் அளவைப் பின்பற்றிச் செய்யப்பட்டு பர்மா பஜாரில் விற்ற கைக்கடக்கமான டாக்டிகல் டார்ச்சாகவோ இருக்கலாம். அவற்றின் உடல் இன்றைக்கும் உறுதியாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் பல்புதான் காலத்தால் பின்தங்கிவிட்டது. 6பி டார்ச்சில் வந்த பி60 என்ற செனான் பல்பு, சி.ஆர்.123ஏ என்ற சிறிய லித்தியம் செல்கள் இரண்டை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீர்த்து 65 லூமென் வெளிச்சம் தந்தது. அதே உடலில், அதே செல்களில், நல்ல எல்.இ.டி. ஒன்று பல மணி நேரம் அந்த வெளிச்சத்தைத் தரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த தெருக்களை நினைத்தால், இந்த மாற்றத்தைச் செய்து வைத்துக்கொள்வதன் பயன் புரியும்.

பல்பைக் கழற்றி எல்.இ.டி. பொருத்துவது கடினமல்ல. பொருத்திய பிறகு டார்ச் எரியாமலோ, மினுக்கியோ, சில நிமிடங்களில் மங்கியோ போகும்போதுதான் பலரும் “எல்.இ.டி. சரியில்லை” என்று முடிவுகட்டி இன்னொன்றை வாங்கி, அதிலும் அதே பழுதைக் காண்கிறார்கள். என் பட்டறிவில் எல்.இ.டி. தானாகக் கெடுவது மிக அரிது. செல்லிலிருந்து மின்னோட்டம் வந்து திரும்பும் பாதையோ, எல்.இ.டி.யிலிருந்து வெப்பம் உடலுக்குச் செல்லும் பாதையோ எங்காவது அறுந்திருக்கும். ஆகவே புதிய பொருள் வாங்குவதற்கு முன் இந்த இரண்டு பாதைகளையும் சோதித்தாக வேண்டும். அதற்குத் தேவையானவை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய செப்புத் தகடு, தெர்மல் பேஸ்ட், சிலிக்கான் கிரீஸ் ஆகியவை மட்டுமே. இவை அனைத்தும் ரிச்சி தெருவிலும் பிராட்வே பக்கத்து ஹார்ட்வேர் கடைகளிலும் கிடைக்கும்.

எந்த அறிகுறிக்கும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் குழியில் செருகி, குமிழையும் 10 ஆம்பியர் நேர்மின்னோட்ட நிலைக்குத் திருப்ப வேண்டும். டார்ச்சின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் அடிப்பகுதியிலும், மற்றொரு முனையை உடல் குழாயின் பின்விளிம்பில் பூச்சில்லாமல் பளபளக்கும் உலோகத்திலும் வைக்க வேண்டும். ஸ்விட்ச் பின்மூடியில் இருக்கும் டார்ச்சுகளில், மூடியும் ஸ்விட்சும் செய்யும் வேலையை இப்போது மீட்டர் செய்கிறது. மேக்லைட்டைப் போலப் பக்கவாட்டில் ஸ்விட்ச் உள்ளவற்றில், ஸ்விட்சைப் போட்டுவைத்துக்கொண்டு இதையே செய்யலாம்.

இந்த ஒரு சோதனை பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். மீட்டர் வைத்தால் நன்றாக எரிந்து, மூடியை மாட்டினால் எரியாவிட்டால், பழுது பின்மூடியில். மீட்டர் சுழியம் காட்டினால் செல்லிலோ தலைப்பகுதியிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. எல்.இ.டி. எரியாமல் மீட்டர் மட்டும் பல ஆம்பியர் காட்டினால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே முனைகளை எடுத்துவிட வேண்டும். டிரைவருக்குரிய (எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட்) அளவைவிட மின்னோட்டம் மிகவும் குறைவாக இருந்தால், செல் தளர்ந்திருக்கிறது அல்லது வழியில் எங்கோ மின்தடை கூடியிருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சோதனை முடிந்ததும் சிவப்புக் கம்பியை வோல்ட் குழிக்கு மாற்றியே ஆக வேண்டும். அதை ஆம்பியர் குழியிலேயே விட்டுவிட்டு அடுத்ததாகச் செல்லின் வோல்ட்டேஜை அளக்கப் போனால், மீட்டர் வழியாகச் செல் ஷார்ட் ஆகும். லித்தியம் செல்லில் அது ஆபத்தான செயல்; மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் குழிக்கு ஃபியூஸும் கிடையாது.

எரியவே இல்லை

செல்லிலிருந்து தொடங்குவோம். முழுதாகச் சார்ஜ் ஏறிய 18650 லித்தியம்-அயான் செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ளது) 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் செய்ய வேண்டும். 2.5 வோல்ட்டுக்கும் கீழே பல வாரங்கள் கிடந்த செல்லைச் சார்ஜ் ஏற்றி மீட்க முயலக் கூடாது. சி.ஆர்.123ஏ செல் இந்த வகையில் ஏமாற்றும்: தீர்ந்துபோன பின்னும் சுமையில்லாத நிலையில் ஏறத்தாழ 3 வோல்ட் காட்டும். ஆகையால் அதை டார்ச் எரியும் நிலையில்தான் அளக்க வேண்டும்.

செல் சரியாக இருந்தால், அது தொட வேண்டியதைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். 18650 செல்களில் மேல்முனை தட்டையாக உள்ளவையும், குமிழ் வைத்தவையும் உண்டு. தலைகீழாகப் போட்டால் டிரைவர் கெடாமலிருப்பதற்காகச் சில டார்ச்சுகளில் தொடுமுனையைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். அவற்றில் தட்டை முனைச் செல் ஒருபோதும் தொடாது. பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்கள் 65 மில்லிமீட்டரைவிடச் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும் என்பதால், பின்மூடி முழுவதும் இறங்காமல் நின்றுவிடுவதும் உண்டு.

பி60 பல்பின் இடத்தில் அப்படியே பொருந்தும் எல்.இ.டி. தொகுதிகளில் இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். நடுவிலுள்ள சிறியது செல்லின் நேர்முனையைத் தொடும். வெளியே சுற்றியுள்ள பெரியது உடலைத் தொட்டு எதிர்முனைப் பாதையை முடிக்கும். மாற்றும்போது பெரிய ஸ்பிரிங் தேவையற்றதென்று கழற்றி வைக்கப்பட்டதால் டார்ச் எரியாமல் போவதை அடிக்கடி காணலாம். அதைத் திரும்பப் போட வேண்டும். அல்லது தொகுதியைச் சுற்றிச் செப்புத் தகடு சுற்றி இறுக்க வேண்டும். தகடு சுற்றுவது வெப்பத்துக்கும் நல்லது என்பதால் நான் அதையே விரும்புவேன்.

மேக்லைட் போன்ற பெரிய செல் டார்ச்சுகளில் கசிவைத் தேட வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பெரிய செல்களில் பெரும்பாலானவை துத்தநாக-கார்பன் வகை. அவற்றின் கசிவு அமிலத் தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாவை நீரில் கரைத்துத் துடைக்க வேண்டும். ஆல்கலைன் செல்லின் கசிவு இதற்கு நேர்மாறாகக் காரத் தன்மை உடையது. வெண்மையாகப் படிந்திருக்கும் அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பயன்படுத்த வேண்டும். எந்தச் செல் என்று பார்க்காமல் துடைத்தால் பாதி வேலைதான் நடக்கும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, ஆல்கஹாலால் ஈரத்தைப் போக்கி, ஸ்பிரிங்கில் களிம்பு ஏறியிருந்தால் அதைச் சுரண்ட முயலாமல் புதிய ஸ்பிரிங் போடுவதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் எரியாவிட்டால் எல்.இ.டி.யைத் தனியே சோதிக்கலாம். மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை எல்.இ.டி. அமர்ந்திருக்கும் தட்டின் நேர்முனையிலும் கறுப்பு முனையை எதிர்முனையிலும் வைத்தால், பல மீட்டர்களில் எல்.இ.டி. மங்கலாக ஒளிரும். மீட்டரின் திறன் போதாமல் ஒளிராவிட்டால், இரண்டு ஏ.ஏ. செல்களைத் தொடராக இணைத்து 3 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். ஒளிர்ந்தால் எல்.இ.டி. நலமாக இருக்கிறது; பழுது டிரைவரில். வெளியே எடுத்துச் சோதித்தால் எரிந்து, உள்ளே பூட்டினால் அணைந்துவிடும் டார்ச்சில், அலுமினிய ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பு எல்.இ.டி. தட்டில் உள்ள சால்டர் ஈயத்தைத் தொட்டு ஷார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். ஈயத்தைத் தாழ்வாக வைத்து, நடுவில் எல்.இ.டி.க்குத் துளையிட்ட மெல்லிய மின்காப்பு வளையம் ஒன்றைப் போட்டால் இது தீரும்.

பளிச்சென்று எரிந்து ஒரே நொடியில் அணைந்துவிட்டது

இது பெரும்பாலும் வோல்ட்டேஜ் பொருந்தாமையால் வருவது. சி.ஆர்.123ஏ என்பது 3 வோல்ட் தரும், சார்ஜ் செய்ய முடியாத செல். அதே அளவில் கிடைக்கும் சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம்-அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும். இரண்டு செல் டார்ச்சில் அதைப் போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதில் 8.4 வோல்ட் போகும். பழைய பல்பு உடனே கருகும். புதிய எல்.இ.டி. தொகுதியில் ஏ.எம்.சி.7135 சில்லு கொண்ட டிரைவர் இருந்தால் அதுவும் கெடும், ஏனெனில் அந்தச் சில்லுக்குரிய உள்ளீட்டு எல்லை 2.7 முதல் 6 வோல்ட் வரைதான். புதிய சி.ஆர்.123ஏ செல்கள் இரண்டைச் சேர்த்தாலே சுமையில்லாத நிலையில் 6 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும் என்பதால், இரண்டு செல் டார்ச்சுக்கு இந்த வகை டிரைவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் பக் வகை டிரைவரே அதற்கு ஏற்றது. ஒரே 18650 செல்லுக்கு ஏ.எம்.சி.7135 மிகச் சிறந்தது: ஒவ்வொரு சில்லும் 350 மில்லிஆம்பியர் தரும் என்பதால், எட்டுச் சில்லுகள் கொண்ட டிரைவரிலிருந்து 2.8 ஆம்பியர் கிடைக்கும்.

டிரைவரே இல்லாமல் செல்லை நேராக எல்.இ.டி.யுடன் இணைப்பவர்களும் உண்டு. எல்.இ.டி.யில் வோல்ட்டேஜ் சிறிதளவு கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு கூடும். அது சூடாகச் சூடாகத் தேவைப்படும் வோல்ட்டேஜ் குறைவதால் மின்னோட்டம் மேலும் ஏறும். க்ரீ நிறுவனத்தின் பழைய எக்ஸ்.ஆர்.ஈ. எல்.இ.டி. அதிகபட்சம் 1 ஆம்பியரும், எக்ஸ்.பி.ஜி. 1.5 ஆம்பியரும், எக்ஸ்.எம்.எல். 3 ஆம்பியரும் தாங்கக்கூடியவை. எந்த எல்.இ.டி. கையில் இருக்கிறதோ அதற்குத் தகுந்த டிரைவரை வாங்க வேண்டும். மேக்லைட்டில் இரண்டு செல் டார்ச்சுக்கு 3 வோல்ட்தான் கிடைக்கும். செல் தளரத் தளர அது எல்.இ.டி.க்குப் போதாமல் போவதால், அங்கே வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் வகை டிரைவர் வேண்டும்.

விட்டுவிட்டு எரிகிறது, தட்டினால் மோடு மாறுகிறது

வடசென்னையில் மிக அதிகமாகக் காணும் பழுது இதுவே, காரணம் உப்புக் காற்று. கடலோரத்தில், குறிப்பாகப் படகில் எடுத்துச் செல்லப்படும் டார்ச்சுகளில், உப்பு ஈரம் மரைகளுக்குள் புகுந்து அலுமினியத்தை வெள்ளைத் தூளாக அரிக்கும். பித்தளையிலும் செம்பிலும் களிம்பு படரும். பழைய பல்பு டார்ச்சில் இதன் விளைவு சற்று மங்கலான வெளிச்சம் மட்டுமே, ஏனெனில் ஒரு கணம் மின்னோட்டம் தடைபட்டாலும் சூடான இழை உடனே அணைவதில்லை. எல்.இ.டி. அப்படியன்று. இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தொடர்பு விட்டாலும் அது அணைந்து எரிகிறது. மேலும் இன்றைய டிரைவர்கள், மின்னோட்டம் சற்று நின்று மீண்டும் வந்தால் அதைப் பயனர் ஸ்விட்சை அரை அழுத்து அழுத்தியதாக எடுத்துக்கொண்டு அடுத்த மோடுக்குத் தாவுகின்றன. “கை தவறித் தட்டினாலே ஸ்ட்ரோப் (வேகமாக மின்னும் மோடு) ஓடுகிறது, டிரைவர் கெட்டுவிட்டது” என்று கொண்டுவரப்படும் டார்ச்சில் டிரைவர் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்; தொடர்பு மட்டும் விட்டுவிட்டு வரும்.

முதலில் பின்மூடிக்குள் ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வளையத்தைப் பார்க்க வேண்டும். அதில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் கூர்மையான இடுக்கியை வைத்து இறுக்கினால், இந்தப் பழுதுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். வளையம் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால், உடல் குழாயின் பின்விளிம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல டார்ச்சுகளின் மேல் இருக்கும் கடின அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பல வகைகளில் மரையும் பூச்சிடப்பட்டிருக்கும். மின்னோட்டம் செல்வது பூச்சில்லாத அந்த விளிம்பு வழியாக மட்டுமே. அதை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, பிறகு பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். தங்கமோ நிக்கலோ பூசிய தொடுமுனைகளில் அதைத் தொடவே கூடாது, பூச்சு போன இடத்தில் களிம்பு முன்னைவிட வேகமாக ஏறும்.

சுத்தம் செய்த பிறகும் விட்டுவிட்டு எரிந்தால், டார்ச் எரியும்போது ஸ்விட்சின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட்டேஜை அளக்க வேண்டும். சரியான ஸ்விட்சில் அது மிகச் சிறிதாக இருக்கும். 1 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் காட்டினால், அந்த ஸ்விட்சில் மட்டும் 0.3 ஓம் தடை இருக்கிறது என்று பொருள். அதை மாற்றிவிட வேண்டும். பழைய டார்ச்சின் ஸ்விட்ச் குறைந்த மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதையும், 3 ஆம்பியர் இழுக்கும் எல்.இ.டி. போட்டால் அதுவும் மாற வேண்டும் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதேபோல் எஃகு ஸ்பிரிங்கும் ஒரு தடைதான். ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை, அது அழுந்தி எழத் தடையாக இல்லாதவாறு, வளையும் தன்மையுள்ள மெல்லிய செப்புக் கம்பியைச் சால்டர் செய்துவிட்டால், மின்னோட்டம் ஸ்பிரிங்கைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகச் செல்லும். செலவே இல்லாத இந்த வேலை தரும் பலனை வேறு எந்த மாற்றமும் தருவதில்லை.

முடிவில் மரைக்கும், நீர் புகாமல் தடுக்கும் வளையமான ஓ-ரிங்குக்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும், ஆனால் மின்னோட்டம் செல்லும் விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓ-ரிங்கே சிலிக்கானால் ஆனதாக இருந்தால் மட்டும் இந்தக் கிரீஸ் அதை உப்பச் செய்யும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயையோ மெஷின் ஆயிலையோ தடவும் வழக்கம் வேண்டாம். அவை தூசியைச் சேர்க்கும். மெஷின் ஆயில் சில வகை ரப்பர் வளையங்களை உப்பச் செய்து கெடுக்கவும் செய்யும்.

நன்றாக எரிந்து சில நிமிடங்களில் மங்குகிறது

பழைய பல்புக்கும் எல்.இ.டி.க்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கமே அனுப்பிவிடும். அதனால் பழைய டார்ச்சின் உடலை வடிவமைத்தவர்களுக்கு, பின்பக்கம் வெப்பத்தைக் கடத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. பல்புத் தொகுதி உள்ளே தளர்வாகவே அமர்ந்திருக்கும். எல்.இ.டி.யின் கதிரில் வெப்பம் அநேகமாக இல்லை. 3 ஆம்பியர் ஓடும் எல்.இ.டி. ஏறத்தாழ 10 வாட் எடுத்துக்கொண்டால், அதில் பாதிக்கும் மேல் வெப்பமாக மாறி எல்.இ.டி.யின் அடிப்பகுதியிலேயே நிற்கும். அந்த வெப்பம் தட்டுக்கும், தட்டிலிருந்து அதைத் தாங்கும் பித்தளைக் கூட்டுக்கும், கூட்டிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து பிடித்திருக்கும் கைக்கும் காற்றுக்கும் போயாக வேண்டும். இந்த வரிசையில் ஓரிடத்தில் காற்று இடைவெளி இருந்தாலும் வெப்பம் அங்கேயே தேங்கிவிடும்.

எனவே மங்கும் டார்ச்சைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்த பின்னும் உடல் குளிர்ச்சியாகவே இருந்தால், அது கவலைக்குரிய அறிகுறி: வெப்பம் உடலுக்கு வந்து சேரவில்லை, உள்ளே எல்.இ.டி. வெந்துகொண்டிருக்கிறது. தலைப்பகுதி சில நிமிடங்களில் கைசுடும் அளவுக்குச் சூடானால் வெப்பப் பாதை சரியாக இருக்கிறது. அத்தகைய டார்ச் மங்குவதற்கு, டிரைவர் தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைப்பதே காரணமாக இருக்கலாம். உடல் சூடாவதைப் பழுதென்று எண்ணிப் பலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். உண்மையில் அதுவே நல்ல வேலைப்பாட்டின் அடையாளம்.

இரண்டையும் பிரித்தறிய மீட்டர் உதவும். மங்கும் நேரம் முழுவதும் பின்புறத்தில் மின்னோட்டத்தை அளந்துகொண்டே வர வேண்டும். ஒரே செல்லும் ஏ.எம்.சி.7135 போன்ற நேர்வகை டிரைவரும் உள்ள டார்ச்சில், மின்னோட்டம் மாறாமல் வெளிச்சம் மட்டும் குறைந்தால் எல்.இ.டி. அதிகமாகச் சூடாகிறது. மின்னோட்டமும் சேர்ந்து குறைந்தால், செல் தளர்கிறது அல்லது டிரைவர் தானாகக் குறைக்கிறது. அப்போது நன்றாகச் சார்ஜ் ஏற்றிய வேறொரு செல்லைப் போட்டுப் பார்த்தால் எது என்பது தெளிவாகும்.

வெப்பப் பாதையைச் சரிசெய்வதை உள்ளிருந்து வெளியாகச் செய்ய வேண்டும். மலிவான தொகுதிகளில் எல்.இ.டி. அமர்ந்திருக்கும் தட்டு அலுமினியமாக இருக்கும். அதன் மேல் மின்காப்புக்காக உள்ள மெல்லிய படலம் வெப்பத்தையும் தடுக்கும். எல்.இ.டி.யின் வெப்ப முனை படலம் இல்லாமல் நேராகச் செம்பில் அமரும் தட்டுகள் இப்போது கிடைக்கின்றன. 2 ஆம்பியருக்கு மேல் ஓட்டுவதானால் அதற்கே மாற வேண்டும். மாற்றுவதற்குச் சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது, செம்பு வெப்பத்தை உடனே இழுத்துக்கொண்டுவிடும். தட்டை அடியிலிருந்து சூடாக்கினால், 63/37 சால்டர் ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகியதும் எல்.இ.டி. தானாகவே தன் இடத்தில் அமரும். இதற்காக வீட்டுத் தோசைக்கல்லை ஒருபோதும் எடுக்கக் கூடாது. ஈயம் படிந்த கல்லில் பிறகு சமைக்க முடியாது. தனியாக ஓர் இரும்புத் தகடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தட்டுக்கும் பித்தளைக் கூட்டுக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். பேஸ்ட் என்பது நுண்ணிய இடைவெளிகளை நிரப்ப மட்டுமே. தாராளமாக அப்பினால் அதுவே தடையாகும். கூடு உள்ளே குழாயாக இருந்து, தட்டு ஓரத்தில் மட்டும் தாங்கப்பட்டிருந்தால் அந்தக் கூட்டை ஒதுக்கிவிட்டு, மேல்பகுதி திண்ணமாக உள்ள கூடு வாங்க வேண்டும். கடைசியாக, தொகுதிக்கும் டார்ச் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி. இதில்தான் பெரும்பாலான பி60 மாற்றங்கள் தோற்கின்றன. தொகுதியைச் சுற்றிச் செப்புத் தகட்டை, கையால் அழுத்தினால்தான் உள்ளே போகும் என்ற அளவுக்குச் சுற்ற வேண்டும். செப்புத் தகடு கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளைப் பல சுற்றுகள் இறுக்கமாகச் சுற்றினாலும் நல்ல பயன் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும், கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் காற்றில் ஒரு சிறிய டார்ச் 10 வாட்டைத் தொடர்ந்து வெளியேற்ற முடியாது. நீண்ட நேரம் எரிய வேண்டிய டார்ச்சுக்கு 1 முதல் 1.5 ஆம்பியர் டிரைவரே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. 3 ஆம்பியரில் பெயரளவுக்குக் கிடைக்கும் கூடுதல் வெளிச்சத்தைக் கண் அவ்வளவாக உணர்வதில்லை. செல் தீர்வதை மட்டும் நன்றாக உணரலாம்.

வெளிச்சம் நீலமடிக்கிறது

புதிதாகப் போட்டபோது வெள்ளையாக இருந்து, உச்ச மோடில் நீலம் கலந்து தெரிந்தால், எல்.இ.டி.க்குத் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போகிறது அல்லது மேலே சொன்ன வெப்பச் சிக்கல் முற்றியிருக்கிறது. உடனே அணைக்க வேண்டும். முதலிலிருந்தே ஒரே சீராக நீலச் சாயல் இருந்தால் அது பழுதன்று. 6500 கெல்வின் வகை எல்.இ.டி. அப்படித்தான் தெரியும். பழைய பல்பின் இளமஞ்சள் நிறத்துக்குப் பழகியவர்கள் 4000 கெல்வினோ அதற்குக் குறைவானதோ கேட்டு வாங்கலாம்.

ஒளிவட்டத்தின் நடுவில் இருட்டு

பல்பின் இழை எல்லாத் திசைகளிலும் ஒளி வீசும், எல்.இ.டி. முன்பக்கம் மட்டுமே வீசும். ரிஃப்ளெக்டரின் குவிமையத்தில் எல்.இ.டி.யின் ஒளிரும் பரப்பு சரியாக அமராவிட்டால், சுவரில் நடுவே இருண்ட வளையம் தோன்றும். சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று ரிஃப்ளெக்டரைச் சற்றே தளர்த்தியும் இறுக்கியும் பார்த்தால், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். எல்.இ.டி. தாழ்ந்திருந்தால் தட்டுக்கு அடியில் செப்பு வாஷர் வைத்து உயர்த்த வேண்டும். காகிதமோ பிளாஸ்டிக்கோ வைத்தால் வெப்பப் பாதை அறுந்துவிடும். உயர்ந்திருந்தால் ரிஃப்ளெக்டருக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள மின்காப்பு வளையத்தைத் தடித்ததாக மாற்ற வேண்டும். எக்ஸ்.பி.ஜி. 3.45 மில்லிமீட்டர் சதுரம், எக்ஸ்.எம்.எல். 5 மில்லிமீட்டர் சதுரம் என்பதால், ஒன்றுக்குச் செய்த ரிஃப்ளெக்டரின் துளை மற்றொன்றுக்குப் பொருந்தாது. பழைய ரிஃப்ளெக்டரின் உட்புறத்தைத் துணியால் துடைக்கக் கூடாது, அந்த அலுமினியப் படலம் தொட்டாலே கீறிவிடும். ஊதி மட்டும் தூசியைப் போக்க வேண்டும்.

விசிறிச் சிறகு நின்று நின்று தெரிகிறது

குறைந்த மோடில் டார்ச்சைச் சுழலும் விசிறியின் மேல் அடித்தால் சிறகுகள் துண்டு துண்டாகத் தெரிவது, டிரைவர் எல்.இ.டி.யை வேகமாக அணைத்து எரிய வைத்து வெளிச்சத்தைக் குறைப்பதால் வருவது. இது பழுதன்று, கண்ணுக்கு உறுத்தினால் வேறு டிரைவர்தான் தீர்வு.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

கண்ணாடி, தலைப்பகுதி, பின்மூடி ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள ஓ-ரிங்குகளை மாற்ற வேண்டும். நீர் புகாமல் இருக்கக் குளியலறைக்குப் பயன்படும் சிலிக்கான் பசையை உள்ளே தடவுவது கடலுக்குச் செல்வோரிடம் பரவலாக உள்ளது. வினிகர் வாடை வரும் வகைப் பசை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரிக்கும். மூடிய டார்ச்சுக்குள் அந்த ஆவி எல்.இ.டி.யையும் கெடுக்கும். வாடையற்ற, மின்னணுப் பொருள்களுக்குரிய வகையையே பயன்படுத்த வேண்டும். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவும் கூடாது. அதன் ஆவி ரிஃப்ளெக்டரில் வெண்மையாகப் படியும். கடல்நீர் ஏற்கெனவே புகுந்துவிட்டால் செல்லை உடனே எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் உள்பகுதியை அலசி உப்பைப் போக்கி, ஆல்கஹால் ஊற்றிக் கழுவி, முழுவதும் உலர விட வேண்டும். உலர்ந்தால் போதும் என்று அலசாமல் விட்டால், தங்கிய உப்பு அடுத்த மழைக்காலத்தில் ஸ்விட்சைத் தின்றுவிடும். அணைத்து வைத்திருக்கும்போதே ஸ்விட்ச் வழியாக மின்னோட்டம் கசிந்து செல் தீர்வதற்கும் இதுவே காரணம்.

செல் உள்ளே போகவில்லை, அல்லது சொன்ன நேரம் எரியவில்லை

6பி உடலின் உட்குழாய் 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள சி.ஆர்.123ஏ செல்லுக்காகச் செய்யப்பட்டது. 18650 அதில் நுழையாது. லேத் பட்டறையில் கொடுத்து உட்குழாயைச் சுமார் 18.7 மில்லிமீட்டருக்குக் குடைந்து வாங்கலாம். ஆனால் ஓ-ரிங் அமரும் பள்ளத்தில் சுவர் மெலிந்துவிடும் என்பதை லேத்காரரிடம் முன்பே சொல்ல வேண்டும். உடலைத் தொட விரும்பாதவர்களுக்கு, குடையாமலே நுழையும் 16650 அளவுச் செல் நல்ல மாற்று.

எரியும் நேரம் குறைவதற்குப் போலிச் செல்லே முதற்காரணம். நம்பகமான 18650 செல்கள் பெரும்பாலும் 2000 முதல் 3600 மில்லிஆம்பியர்-மணி வரையிலான கொள்ளளவு உடையவை. மேலுறையில் 6000 என்றோ 9800 என்றோ அச்சிட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்: உண்மையான செல் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், போலியானவை பலவும் அதைவிட மிகவும் இலேசாக இருக்கும். லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த பழைய செல்களில் பாதுகாப்புச் சர்க்யூட் கிடையாது, அவற்றை 2.8 ஆம்பியர் டிரைவருடன் இணைப்பதை நான் ஏற்கவில்லை.

டார்ச்சின் தலைப்பகுதி அன்றி, செல் இருக்கும் நடுப்பகுதி சூடானால் உடனே அணைத்து, திறந்த வெளியில் வைத்து, ஆறிய பிறகே திறக்க வேண்டும். புதிய செல்லையும் பழைய செல்லையும், அல்லது இரண்டு வெவ்வேறு தயாரிப்புச் செல்களைத் தொடராகப் போட்டால் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றொன்று அதை எதிர்த்திசையில் தள்ளும். காற்றுப் புகாமல் மூடிய அலுமினியக் குழாயில் அது வெடிக்கும் அளவுக்குப் போகும். சி.ஆர்.123ஏ செல்களை எப்போதும் ஒரே பெட்டியிலிருந்து ஜோடியாக எடுத்து, ஜோடியாகவே மாற்ற வேண்டும். உப்பிய, மேலுறை கிழிந்த, துளைபட்ட செல்களின் இரு முனைகளிலும் மின்காப்பு டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு சேர்த்தால் அது கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போய் நசுங்கும். அங்கே தீப்பிடிக்க ஒரு லித்தியம் செல் போதும்.